எல்லாக் காலத்துக்குமான சிறந்த குவார்ட்டர்பேக் யார்? நீங்களே பட்டியல் போட ஒரு வழி

அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்து ஒன்றிரண்டு சீசன் ஆகியிருக்கும். விதிகள் ஓரளவு பிடிபட்டிருக்கும். அப்புறம் தவிர்க்கவே முடியாமல் வந்து நிற்கும் கேள்வி இது: பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார்? "டாம் பிரேடி, சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஏழு வெற்றி, பேச்சு முடிந்தது" என்பார் ஒருவர். "ஜோ மோன்டானா ஆடிய நான்கு சூப்பர் பவுலிலும் தோற்றதே இல்லை" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேட்டன் மேனிங்கின் ஐந்து எம்.வி.பி. (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) விருதுகளை எடுத்துப் போடுவார். மூவர் சொல்வதும் உண்மைதான். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் முதன்முதலில் போட்ட பட்டியல் வெறும் கோப்பைக் கணக்கு. டெர்ரி பிராட்ஷாவுக்கு நான்கு, மேனிங்குக்கு இரண்டு. ஆகவே பிராட்ஷா மேலே. சேர்ந்து மேட்ச் பார்க்கும் நண்பர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டான் மரீனோவுக்கு ஒன்றுகூடக் கிடையாதே, அவரைக் கிணற்றில் தள்ளிவிட்டாயா?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்ட முறையை இங்கே சொல்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம்.

முதல் படி: அவர் செய்யும் வேலை என்ன என்று பாருங்கள்

பந்து பின்னால் வந்து குவார்ட்டர்பேக்கின் கையில் விழுந்ததும் அவருக்குக் கிடைப்பது சுமார் மூன்று வினாடி. முன்னால் ஐந்து பேர் சுவராக நின்று காப்பாற்றுகிறார்கள். எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாய்ந்து வருகிறார், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் யார் தனியாக இருக்கிறார் என்பதையெல்லாம் அதற்குள் பார்த்து எறிய வேண்டும், இல்லையென்றால் பந்தைப் பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது தானே ஓட வேண்டும். தன் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வருகிறது. அதனால்தான் இந்த ஒரு இடத்துக்கு இவ்வளவு மவுசு.

கூடவே இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எதிரணி பந்து வைத்திருக்கும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதாவது ஆட்டத்தின் கிட்டத்தட்டப் பாதி நேரம். அப்போது விழும் புள்ளிகளை அவரால் தடுக்க முடியாது. இது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

"சிறந்த" என்பதற்கு மூன்று பொருள் உண்டு. யார் அதிகம் ஜெயித்தார்? யார் உச்சத்தில் இருந்தபோது யாராலும் தொட முடியாமல் ஆடினார்? யார் நீண்ட காலம் மேலேயே இருந்தார்? பட்டியல் போடும் முன் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மூன்றுக்கும் எவ்வளவு எடை என்று எழுதிவையுங்கள். எழுதிவைக்காவிட்டால் பிடித்த ஆளுக்கு ஏற்றபடி நடுவில் அளவுகோலை மாற்றுவோம். நானும் மாற்றியிருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் எடை: உச்சத்துக்குப் பாதி, நீண்ட காலத்துக்குக் கால், கோப்பைக்குக் கால். கோப்பைக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று இப்போதே கோபம் வந்தால் நான்காம் படி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெயர்களை எழுதுங்கள்

பன்னிரண்டு பேர் போதும். ஆட்டோ கிரஹாம், ஜானி யூனைட்டஸ், பார்ட் ஸ்டார், டெர்ரி பிராட்ஷா, ஜோ மோன்டானா, டான் மரீனோ, ஜான் எல்வே, ஸ்டீவ் யங், பேட்டன் மேனிங், டாம் பிரேடி, ஆரன் ராஜர்ஸ், பேட்ரிக் மஹோம்ஸ். டிரூ பிரீஸையும் பிரெட் ஃபார்வையும் விட்டுவிட்டேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஐந்து சீசன்களில் 5,000 யார்டைத் தாண்டி எறிந்தவர் பிரீஸ். ஆனால் ஒரு முறைகூட எம்.வி.பி. ஆகவில்லை. ஃபார்வ் மூன்று வருடம் தொடர்ந்து எம்.வி.பி., தொடர்ச்சியாக 297 ஆட்டங்களில் தொடக்க வீரர். கூடவே எதிரணி கைக்குப் போன 336 பந்துகள், அதுவும் சாதனைதான். வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆடிய வருடங்கள், பட்டங்கள், எம்.வி.பி. விருதுகள், டச் டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தந்த எறிவுகள்), இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிவுகள்). இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, வருடம். சீசன் செப்டம்பரில் தொடங்குகிறது, சூப்பர் பவுல் அடுத்த வருடம் பிப்ரவரியில் நடக்கிறது. முன்பெல்லாம் ஜனவரியில் நடந்தது. ஆகவே மேனிங்கின் முதல் கோப்பை 2006 சீசனுக்கு, ஆடியது 2007இல். இரண்டு இடத்தில் இரண்டு வருடம் பார்த்துவிட்டு இரண்டு கோப்பை என்று எண்ணியவர்கள் உண்டு. சூப்பர் பவுல் நம் ஊருக்குத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வரும். நமக்குக் கிழமைகூட மாறிவிடுகிறது.

இரண்டு, சூப்பர் பவுல் என்ற பெயர். முதல் சூப்பர் பவுல் நடந்தது 1967 ஜனவரியில். அதற்கு முன்னும் சாம்பியன்கள் இருந்தார்கள். சூப்பர் பவுலை மட்டும் எண்ணினால் பார்ட் ஸ்டாருக்கு இரண்டுதான். உண்மையில் அவர் வென்ற பட்டங்கள் ஐந்து. கிரஹாமுக்குச் சைபர். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்காக 1946 முதல் 1955 வரை பத்து சீசன் ஆடி, பத்திலும் இறுதி ஆட்டத்துக்குப் போய், ஏழில் வென்றவர் அவர். அந்த ஏழில் முதல் நான்கு, போட்டியாக நடந்த இன்னொரு லீகில் வந்தவை. அந்த லீக் மூடப்பட்டுப் பிரவுன்ஸ் முதன்மை லீகான என்.எஃப்.எல்.லுக்குள் வந்தபோது, சின்ன லீகில் ஆடியவர்கள் இங்கே தாக்குப்பிடிப்பார்களா என்ற கேள்வி இருந்தது. வந்த முதல் வருடமே, 1950இல், பட்டம் வாங்கினார்கள். அதனால் அந்த நான்கையும் நான் ஒதுக்குவதில்லை.

நான்காம் படி: கோப்பையில் அவர் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்

இதற்கு மேனிங் ஒருவரே போதும். 2013 சீசனில் டென்வர் பிராங்கோஸுக்காக 55 டச் டவுன் எறிந்தார், 5,477 யார்டு. ஒரு சீசனில் யாரும் அதுவரை செய்யாதது. சூப்பர் பவுலுக்கு வந்தார். அங்கே முதல் நகர்விலேயே, அவர் முன்னால் நடந்துபோய் வீரர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது பந்து அவர் தலைக்கு மேலே பறந்து பின்னால் போய்விட்டது. பன்னிரண்டு வினாடியில் எதிரணியான சியாட்டிலுக்கு இரண்டு புள்ளி. கடைசியில் 43-8 என்று அடி.

இரண்டு வருடம் கழித்து, 2015 சீசன். அதே மேனிங், வயது 39. 9 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன். நடுவில் பெஞ்சிலும் உட்கார வைக்கப்பட்டார். சூப்பர் பவுலில் 141 யார்டுதான் எறிந்தார், ஒரு டச் டவுன் பாஸ்கூட இல்லை. பிராங்கோஸ் 24-10 என்று ஜெயித்தது. அன்றைய சிறந்த வீரர் விருது டிஃபென்ஸில், அதாவது எதிரணியைத் தடுக்கும் பக்கத்தில், ஆடிய வான் மில்லருக்குப் போனது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த சீசனுக்குக் கோப்பை இல்லை, மிக மோசமான சீசனுக்குக் கோப்பை. இதைப் பார்த்த பிறகும் கோப்பையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது எனக்குச் சரிப்படவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2000 சீசனின் பால்டிமோர் ரேவன்ஸைப் பாருங்கள். 16 ஆட்டத்தில் மொத்தமே 165 புள்ளிதான் விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ். குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபர். கோப்பை வந்தது, அடுத்த சீசனுக்கு டில்ஃபரை அந்த அணியே வைத்துக்கொள்ளவில்லை. மரீனோ பதினேழு சீசன் ஆடி ஒரே ஒரு முறை சூப்பர் பவுலுக்குப் போனார். அங்கே எதிரே நின்றவர் மோன்டானா. 38-16 என்று தோல்வி.

அதற்காகக் கோப்பையைச் சுத்தமாக ஒதுக்கவும் முடியாது. பிரேடி பத்து முறை சூப்பர் பவுலுக்குப் போயிருக்கிறார். ஒரு தடவை அதிர்ஷ்டம் எனலாம், மூன்று தடவை நல்ல டிஃபென்ஸ் எனலாம். பத்து தடவையை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஐந்தாம் படி: காலத்தைச் சரிசெய்யுங்கள்

எண்களை அப்படியே அடுக்கினால் பழையவர்கள் எல்லோரும் கீழே போய்விடுவார்கள். யூனைட்டஸ் தன் வாழ்நாளில் எறிந்தது 290 டச் டவுன், 253 இன்டர்செப்ஷன். பிரேடி 649 டச் டவுன். கண்ணை மூடிக்கொண்டு பிரேடி என்று சொல்லலாம்போல் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

யூனைட்டஸ் ஆடத் தொடங்கியபோது சீசனுக்கு 12 ஆட்டம். 1961இல் அது 14 ஆயிற்று, 1978இல் 16, 2021 முதல் 17. இது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் 1978இல் வந்த விதி. அதற்கு முன் பல வருடம் ஓடுகிற ரிசீவரை டிஃபென்ஸ்காரர்கள் மைதானம் நெடுக இடித்துக்கொண்டே போகலாம். 1978இல் அதை முதல் ஐந்து யார்டுக்குள் அடக்கினார்கள். அதே வருடம் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் கையை விரித்துத் தள்ளலாம் என்றும் ஆனது. ரிசீவருக்கு வழி கிடைத்தது, எறிபவருக்கு நேரம் கிடைத்தது. பின்னால் குவார்ட்டர்பேக்கின் தலையிலும் முழங்காலிலும் அடிப்பதற்கும் தடை வந்தது. ஒருவர் 45 வயதில் ஆடுவதற்கு அவருடைய சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் காரணம் இல்லை.

ஆகவே ஒருவரை இன்னொரு காலத்து ஆளோடு ஒப்பிடாதீர்கள். தன் காலத்து ஆட்களை எவ்வளவு தூரம் விட்டுப் போனார் என்று பாருங்கள். யூனைட்டஸ் 1959இல் 12 ஆட்டத்தில் 32 டச் டவுன் எறிந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச் டவுனாவது எறிந்தார். இந்தத் தொடரை டிரூ பிரீஸ் முறியடித்தது 2012இல். நடுவில் விதிகள் எல்லாம் எறிபவர் பக்கம் சாய்ந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சாதனை நின்றது. இத்தனைக்கும் பிட்ஸ்பர்க் அணி 1955இல் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள் அவர். அந்த வருடம் ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலிக்கு உள்ளூர் அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார்.

மரீனோவின் 1984ஐயும் இப்படிப் பாருங்கள். அதற்கு முன் ஒரு சீசனில் அதிகபட்சம் 36 டச் டவுன். அவர் 48 எறிந்தார், இரண்டாவது சீசனிலேயே. ஒன்றிரண்டு கூட்டி முறியடித்த சாதனை இல்லை இது. கூரையையே பிய்த்துக்கொண்டு போனது. என் கணக்கில் உச்சத்துக்குப் பாதி எடை கொடுத்ததே இந்த ஒரு சீசனுக்காகத்தான் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. முழுப் பொய்யும் இல்லை.

ஆறாம் படி: பாஸர் ரேட்டிங்கை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

திரையில் 95.2, 115.4 என்று எறிவுகளுக்கான மதிப்பெண் ஒன்று வரும். 1973 முதல் லீக் இதைப் பயன்படுத்துகிறது. மேல் எல்லை 100 இல்லை, 158.3. ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும். 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவுக்கு எதிராகப் பிரேடி ஆடிய சூப்பர் பவுலை எடுத்துக்கொள்வோம். 62 முறை எறிந்தார், 43 போய்ச் சேர்ந்தது, 466 யார்டு, 2 டச் டவுன், 1 இன்டர்செப்ஷன்.

போய்ச் சேர்ந்த விகிதம் 69.355 சதவீதம். அதிலிருந்து 30 கழித்து 0.05ஆல் பெருக்கினால் 1.968.
ஓர் எறிவுக்கு 7.516 யார்டு. 3 கழித்து 0.25ஆல் பெருக்கினால் 1.129.
டச் டவுன் விகிதம் 3.226 சதவீதம். 0.2ஆல் பெருக்கினால் 0.645.
இன்டர்செப்ஷன் விகிதம் 1.613 சதவீதம். 0.25ஆல் பெருக்கி 2.375இலிருந்து கழித்தால் 1.972.

நான்கையும் கூட்டினால் 5.714. ஆறால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 95.2. ஒவ்வொரு பகுதியும் 2.375ஐத் தாண்டக் கூடாது, பூஜ்யத்துக்குக் கீழேயும் போகக் கூடாது. நான்கும் உச்சத்தில் இருந்தால்தான் அந்த 158.3.

சரி, 95.2 என்றால் சுமாரான நல்ல ஆட்டம். ஆனால் அது எந்த ஆட்டம் தெரியுமா? 28-3 என்று பின்தங்கி, எல்லோரும் டி.வி.யை அணைக்கப் போன பிறகு சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்ற ஆட்டம்.

அடுத்த வருட சூப்பர் பவுலையும் அதே முறையில் போடுங்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 48 எறிவு, 28 சேர்ந்தது, 505 யார்டு, 3 டச் டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. விடை 115.4. அந்த ஆட்டத்தில் பிரேடி 41-33 என்று தோற்றார். கடைசி இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம் இருக்கும்போது எதிரணியின் பிரான்டன் கிரஹாம் பாய்ந்து வந்து அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார், ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரி ஆனது. அந்தத் தட்டல் ரேட்டிங்கில் ஏறவே ஏறாது. அது எறிவும் இல்லை, இன்டர்செப்ஷனும் இல்லை. ரேட்டிங்குக்குக் கடிகாரமும் தெரியாது, ஸ்கோரும் தெரியாது, காலால் ஓடி எடுத்த யார்டும் தெரியாது. ஸ்டீவ் யங் 4,000 யார்டுக்கு மேல் ஓடியே எடுத்தவர். அதில் ஒன்றுகூட இந்த எண்ணில் இல்லை.

ஆகவே ரேட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே காலத்து ஆட்களுக்குள் மட்டும். ராஜர்ஸின் 2011 சீசன் 122.5, அது இன்றுவரை ஒரு சீசனுக்கான உச்சம். அதை யூனைட்டஸின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் கணக்குப் போட்டவர் சிரிப்பார்.

ஏழாம் படி: பக்கத்தில் யார் நின்றார்கள்?

கோச்சும் ரிசீவர்களும் அமைந்துவிட்டால் யாருமே நன்றாக ஆடலாம் என்பது பழைய வாதம். இதைச் சோதிக்க எளிய வழி, அந்த ஆள் இல்லாதபோது அணிக்கு என்ன ஆனது, அந்த அணி இல்லாதபோது ஆளுக்கு என்ன ஆனது என்று பார்ப்பது.

மேனிங் கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 முழுக்க ஆடவில்லை. முந்தைய வருடம் 10-6 (பத்து வெற்றி, ஆறு தோல்வி) என்றிருந்த அவருடைய அணி இண்டியானாபொலிஸ் 2-14 என்று விழுந்தது. அவருக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பிரேடியின் கதை இவ்வளவு நேராக இல்லை. 2008இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. மாற்று ஆளை வைத்துக்கொண்டு நியூ இங்கிலாந்து 11-5 எடுத்தது. "பார்த்தீர்களா, எல்லாம் கோச் பெலிசெக்தான்" என்று பல வருடம் பேசினார்கள். 2020இல் பிரேடி டாம்பா பேக்குப் போய் முதல் சீசனிலேயே கோப்பை வாங்கினார். பெலிசெக்கின் அணி 7-9. அந்தப் பேச்சு அதோடு கொஞ்சம் அடங்கியது.

மோன்டானாவைப் பற்றி, "பில் வால்ஷ் கோச், ஜெரி ரைஸ் ரிசீவர், யாருக்குத்தான் வராது?" என்பார்கள். தேதிகளைப் பாருங்கள். ரைஸ் வந்தது 1985இல்; அதற்குள் மோன்டானா இரண்டு சூப்பர் பவுல் வாங்கிவிட்டார். வால்ஷ் 1988 சீசனோடு விலகினார். அடுத்த சீசனில் மோன்டானா எம்.வி.பி., சூப்பர் பவுலில் ஐந்து டச் டவுன், ஸ்கோர் 55-10. வயதாகி, காயங்களுக்குப் பிறகு கன்சாஸ் சிட்டிக்கு அனுப்பப்பட்டபோதும் அந்த அணியை சூப்பர் பவுலுக்கு ஒரு ஆட்டம் முன்பு வரை கொண்டுபோனார்.

1989 ஜனவரியில் சின்சினாட்டியோடு நடந்த சூப்பர் பவுலின் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் தேடிப் பாருங்கள். மூன்று புள்ளி பின்னால், பந்து தன் பக்கத்து 8 யார்டு கோட்டில், போக வேண்டியது 92 யார்டு. சகவீரர்கள் பதற்றத்தில் நிற்க, இவர் பார்வையாளர் பக்கம் காட்டி, "அங்கே நிற்பது நடிகர் ஜான் கேன்டி இல்லையா?" என்று கேட்டாராம். 34 வினாடி மிச்சம் இருக்கும்போது ஜான் டெய்லருக்கு எறிந்த பந்து டச் டவுன் ஆனது. நான்கு சூப்பர் பவுலில் 11 டச் டவுன், இன்டர்செப்ஷன் ஒன்றுமில்லை.

எட்டாம் படி: எண் போடுமுன் அடுக்கு பிரியுங்கள்

ஒன்று, இரண்டு என்று உடனே போடாதீர்கள். மூன்று அடுக்காகப் பிரியுங்கள். யாருடைய இடம் தெளிவோ அவரை முதலில் வையுங்கள். யாரை வைப்பதில் கை நடுங்குகிறதோ அவர் அடுக்கின் ஓரத்தில் நிற்கட்டும். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவருக்கு இதுவரை செய்ததற்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள். மஹோம்ஸிடம் இப்போதே மூன்று கோப்பையும் இரண்டு எம்.வி.பி.யும் இருக்கின்றன, பிரேடியிடமும் ஃபிலடெல்ஃபியாவிடமும் தோற்ற இரண்டு சூப்பர் பவுலும் இருக்கின்றன.

என் நோட்டில் இப்போது இருப்பது இது.

மேல் அடுக்கு: பிரேடி, மோன்டானா, மேனிங், யூனைட்டஸ். பிரேடி முதலிடத்தில் இருப்பது ஏழு கோப்பைக்காக இல்லை. 2007இல் 50 டச் டவுன், 2017இல் நாற்பது வயதில் எம்.வி.பி.; இடையில் பத்து வருடம். உச்சத்தையே இவ்வளவு நீளமாக இழுத்தவர் வேறு யாரும் இல்லை.

நடு அடுக்கு: கிரஹாம், மஹோம்ஸ், ராஜர்ஸ், மரீனோ. நான்கு எம்.வி.பி. வைத்திருக்கும் ராஜர்ஸை மேலே ஏற்றச் சொல்லி ஒருவர் விடாமல் நச்சரிக்கிறார். யூனைட்டஸை இறக்காமல் அதைச் செய்ய வழி தெரியவில்லை.

மூன்றாம் அடுக்கு: ஸ்டார், யங், எல்வே, பிராட்ஷா. மூன்று முறை சூப்பர் பவுலில் தோற்று, கடைசி இரண்டு சீசனில் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன எல்வேயை இங்கே வைத்ததற்கு டென்வர்காரர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது. 212 டச் டவுன், 210 இன்டர்செப்ஷன் என்று முடித்த பிராட்ஷா, ஒரு காலத்தில் என் பட்டியலில் மேனிங்குக்கு மேலே இருந்தவர், இப்போது கடைசி. நண்பர் கிணற்றிலிருந்து தூக்கிவிடச் சொன்ன மரீனோ எட்டாம் இடத்தில் இருக்கிறார். அவருக்கு அதுவும் போதவில்லையாம்.